ஐந்து அப்பமும் பன்னிரண்டு பெயரும்

மேசை இழுப்பறையை அப்படியே கட்டிலின் மேல் கவிழ்த்தான் ஸ்டாதிஸ். செத்த பேட்டரிகள், லென்ஸ் மூடிகள், கல்யாண ஆல்பத்தில் ஒட்டுகிற தங்கக் காகிதம், ஜோடி தொலைந்த ஒரு காலுறை. அந்தச் சீட்டை மட்டும் காணோம்.

"என்ன தேடுறே?" என்றாள் மனைவி லெமோனியா, கோயிலுக்குக் கிளம்பிய கோலத்தில்.

"ஒண்ணுமில்லே."

"ஒண்ணுமில்லாததைத்தான் எட்டு மாசமா வித்துட்டிருக்கே. அது தொலைஞ்சு வேற போகுமா?"

அவள் கேட்டதிலும் நியாயம் உண்டு. அந்தக் கிரேக்கத் தீவில் கல்யாணம், ஞானஸ்நானம் என்று படம் எடுத்துப் பிழைத்தவன், என்.எஃப்.டி. என்று இணையத்தில் படம் விற்கக் கிளம்பிவிட்டான். படத்தை உலகமே பார்க்கலாம், ஆனால் சொந்தக்காரர் ஒருவர்தானாம். அதற்கென்று இருநூறு பேர் கூடிய ஒரு குழு. விடிந்ததும் எல்லோருக்கும் காலை வணக்கம் போட்டாக வேண்டும். 'காலை வணக்கம், நீல ஏணி' என்று தட்டிக்கொண்டே படகுத்துறையில் நடப்பான். எதிரே மீன்காரரோ, சாமியாரோ, மெழுகுவத்தி விற்கும் தோமாயோ வணக்கம் சொன்னால் காதில் ஏறாது. நீல ஏணி என்பவர் யாரோ, எந்த ஊரோ. குழுவில் வாங்க வந்தவர் அவர் ஒருவர்தான். மற்ற எல்லோரும் விற்க வந்தவர்கள்.

ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாளுக்குள் ஒரு படமாவது விற்க வேண்டும், இல்லாவிட்டால் மச்சான் பெரிக்லிஸின் கடையில் பாஸ்போர்ட் படம் எடுக்க வேண்டும். இது லெமோனியா வைத்த கெடு. நேற்று மாலை விற்றேவிட்டது! படகின் மூக்கில் ஏறி நின்று கடலை முறைக்கும் ஓர் ஆடு. வாங்கியவர் நீல ஏணி. ஸ்டாதிஸ் துள்ளிய துள்ளலில் கைபேசி கடலுக்குள் போனது.

மாற்றாக வாங்கிய கைபேசி, பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகளைக் கொடு என்கிறது. அவைதான் கணக்கின் சாவி. வரிசை மாறாமல் போட்டால் காசு அவனுக்கு. பிறர் காதில் விழுந்தால் காசு அவர்களுக்கு. தொலைந்துபோனால் யாருக்குமே கிடையாது.

"லெமோனியா, இங்கே ஒரு சீட்டு இருந்துதே..."

"பன்னிரண்டு பேரு எழுதியிருந்ததா? அம்மா கோயிலுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. இன்னிக்குத் திருநாளுக்கு அஞ்சு அப்பம் படைக்கிறாங்கல்ல, உன் குழுக்காரங்க பேர்ல."

"எதுக்கு?"

"'தினமும் வணக்கம் சொல்றாரு மாப்பிள்ளை, ஒருத்தர்கூட வாங்கலை. பாவம், எல்லாருக்கும் உடம்புக்கு என்னமோ'ன்னாங்க. சாமியார் அவங்க பேரையெல்லாம் வாசிச்சா குணமாயிடுமாம்."

"எங்கே வாசிப்பாரு?"

"எங்கேயா? மைக்குலதான்."

அரை டவுசரும் வீட்டுச் செருப்புமாக மேட்டில் ஓடினான். பாதி வழியில் ஒலிபெருக்கி முழங்கியது.

"தேவ அடியார்கள் டைகர்... பெப்பர்... ஜாக்கெட்... கிச்சன்... இவர்களோடு..."

வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் டைகருக்காகச் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

அந்த நொடியில் கோயில் மணி அடித்தது. நேரங்கெட்ட நேரத்தில், காது கிழிய, விடாமல். ஸ்டாதிஸ் உள்ளே பாய்ந்து, திருநாளுக்கென்று புதிதாக வண்ணம் பூசிச் சாய்த்து வைத்திருந்த ஏணியில் நெற்றியை இடித்துக்கொண்டான். சாமியின் உதடுகள் அசைந்தன, ஒரு சொல்லும் கேட்கவில்லை. சீட்டு முடிந்தது, மணியும் நின்றது.

"சாமி, வாசிக்காதீங்க! அது ரகசியம்!"

மைக் அதையும் ஊருக்குச் சொன்னது.

அவ்வளவுதான். அதுவரை அப்பத்தில் கண்ணாக இருந்தவர்கள், முற்றத்தில் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"டைகர் யாருப்பா? ஏதென்ஸ்காரனா?"

"கிச்சன்னு பேர் வச்சா அந்தப் பொண்ணை யார் கட்டுவா?"

"எனக்கு நாலு பேரும் ஞாபகம் இருக்கு," என்றார் காப்பிக்கடைக்காரர்.

"ஐயா, வெளியே சொல்லிடாதீங்க!" என்று கும்பிட்டான். அவர் உடனே காகிதத் துண்டு ஒன்றை எடுத்து நாலையும் எழுதி வைத்துக்கொண்டார்.

மாமியார் பொலிக்சேனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "உங்க சிநேகிதக்காரங்களுக்காக விடிய விடிய மாவு பிசைஞ்சேன் மாப்பிள்ளை. இப்படி அரை டவுசரோட வந்து மானத்தை வாங்குறீங்களே!"

"அத்தை, அது பேர் இல்லே. சாவி!"

"சாவிக்கா அஞ்சு அப்பம் சுட்டேன்?"

பெரிக்லிஸ் அப்பத்தை மென்றபடி வந்து தோளில் கை போட்டான். "கடையில பாஸ்போர்ட் படத்துக்கு வெள்ளைத் துணி கட்டியாச்சு மச்சான். நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடு. சிரிக்கிறவங்களைச் சிரிக்காதேன்னு சொல்றதுதான் வேலை."

ஸ்டாதிஸ் சாமியின் அங்கியைப் பிடித்துக்கொண்டான். "அந்தச் சீட்டு எங்கே சாமி?"

"மெழுகுவத்தி மேசைக்குப் போயிருக்கும். வாசிச்ச சீட்டை எல்லாம் தோமாய் எரிச்சிடுவா."

மெழுகுவத்தி விற்பது, விளக்கு துடைப்பது, மணி அடிப்பது எல்லாமே எழுபது வயது தோமாய்தான். அவன் போனபோது தட்டில் சாம்பல் புகைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"எரிச்சிட்டீங்களா? யாரு உங்களை அந்த நேரத்துல மணி அடிக்கச் சொன்னது? மிச்ச எட்டையும் யாராவது கேட்டிருப்பாங்களே!"

"கேட்டுடக் கூடாதுன்னுதான் அடிச்சேன்." தோமாய் இடுப்புப் பையிலிருந்து மடித்த சீட்டை எடுத்து அவன் கையில் வைத்தாள். பன்னிரண்டும் இருந்தன, வரிசை குலையாமல்.

"இது... இது என்ன சீட்டுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தோமாய் தலைத்துணி நுனியால் அவன் நெற்றியில் ஒட்டியிருந்த நீல வண்ணத்தைத் துடைத்துவிட்டாள்.

"இதே மாதிரி ஒண்ணு என் மாவு டப்பாவுல இருக்கு. படகுல நிக்கிறது என் ஆடுடா, அதை வேற எவனுக்கு விடுவேன்? நாளையிலேருந்து எனக்குக் காலை வணக்கத்தைக் கைபேசியில போடாதே, எதிர்ல வரும்போது வாயால சொல்லு."