ரோச் அண்ணாச்சியின் மூணு தரம்

"மிஸ், இந்த அக்கா இப்ப ட்ரெயின் லேட்டுன்னு சொல்லப் போறாங்களா?" டேப்லெட்டில் பேசிய இயந்திரப் பெண்குரலைக் கேட்டதும் ஜெர்லின் கேட்டாள்.

வகுப்பே சிரித்தது. ஷீஜா டீச்சருக்கு அழுகை வந்தது. பின்னே? எழுத்துகள் கண்ணுக்கு முன்னால் குழம்பிப்போகும் பிள்ளைகளுக்காக ரெண்டு வருஷம் மெனக்கெட்டுச் செய்த செயலி. வரியைத் தொட்டால் டேப் வாசிக்கும். பிள்ளைகள் கூடவே வாசிக்க வேண்டும். அடுத்த மாதம் சென்னையிலிருந்து அறக்கட்டளைக்காரர் வருகிறார். அவர் முன்னால் ஒரு பிள்ளையாவது வாசிக்காவிட்டால், அவர்கள் கொடுத்த பன்னிரண்டு டேப்பும் மூட்டை கட்டப்படும். ஜெர்லினுக்கோ ஒரு வரி தாண்டினால் வயிற்றுவலி வந்துவிடும்.

பழகின குரல் வேண்டும் என்று தலைமையாசிரியை தேவமணியைப் பேசவைத்துப் பதிந்தாள். டேப் வாயைத் திறந்ததும் பன்னிரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். ஒருத்தன் தன் காதைத் தானே பிடித்துத் திருகிக்கொண்டான்.

"எங்க ரோச் மாமாவப் பேசச் சொல்லுங்க மிஸ். அவுக பேசுனா கடக்கரைக்கே கேக்கும்" என்றாள் ஜெர்லின்.

மாமா மீன் ஏலம் விடுகிறவர். ஷீஜா ஏலக்கூடத்துக்கே போய் நீட்டிய பாடத்தாள்களை வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

"இங்கனயே வாசிங்களேன், அண்ணாச்சி."

"இந்த இரைச்சல்லயா? வீட்ல வச்சு நிதானமாப் பேசி, போன்ல அனுப்புதேன் டீச்சர்."

பத்துப் பாடத்துக்குப் பத்து நாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஏதோ கிசுகிசுப்பு. கடற்காற்றாக இருக்கும் என்று, ஷீஜா மெனக்கெட்டு அத்தனையையும் வெட்டி எறிந்தாள். வரியோடு ஒட்டியே பின்னால் வந்ததை என்ன செய்வது?

"ஆமை கரைக்கு வந்தது. ஒரு தரம்!" என்று டேப் முழங்கியது.

"முந்நூறு!" பெனிஸ்டன் கையைத் தூக்கினான்.

"ஆமைய விக்கப்படாதுலே, போலீஸ் பிடிக்கும்!" என்றாள் ஜெர்லின்.

ஏலத்தை அடக்க ஷீஜா வேகத்தைக் குறைத்தாள். ரோச்சின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து பேய் கூப்பிடுகிற மாதிரி ஆயிற்று. ரெண்டு பிள்ளைகள் மேசைக்கு அடியில் போய்விட்டார்கள். வேகத்தைக் கூட்டினாள். டேப்புக்கே திக்குவாய் வந்தது.

அறக்கட்டளைக்காரர் ஜீவமணி வந்து உட்கார்ந்த அன்றைக்கு, அவள் வரியைத் தொட்டாள்.

"ஒரு தரம்... ஒரு தரம்... ஒரு தரம்..."

"என்னம்மா விக்கிறீங்க?"

"ஒரு நிமிஷம் சார்." அணைத்துப் போட்டாள். திரை இருண்டது, பிறகு விடியவே இல்லை.

அப்போது ஜெர்லின் எழுந்து பாடப்புத்தகத்தை எடுத்தாள். வரிக்கு அடியில் விரலை வைத்து, ஆமைப் பாடத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். ஒரு இடத்தில் நின்றாள். பின்னால் போய், தானே திருத்திக்கொண்டு வந்தாள். வயிற்றுவலியைக் காணோம். முடித்ததும் நெஞ்சை நிமிர்த்தி, "மூணு தரம்!" என்றாள்.

ஜீவமணி எழுந்து கைதட்டினார். "செயலின்னா இதுதாம்மா செயலி! இருபது பள்ளிக்கூடத்துக்குக் குடுப்போம்."

ஷீஜா ஒரு பொட்டலம் மக்ரூன் இனிப்போடு ஏலக்கூடத்துக்கு ஓடினாள்.

"அண்ணாச்சி! உங்க குரலக் கேட்டுக் கேட்டே ஜெர்லின் வாசிச்சுட்டா!"

ரோச் ஒரு மக்ரூனை வாயில் போட்டுக்கொண்டு திருதிருவென்று விழித்தார்.

"என் குரலக் கேட்டா? எனக்கு அனா ஆவன்னாவே தெரியாதே டீச்சர். பத்து நாளும் அவதான் பக்கத்துல இருந்து வரிவரியா வாசிச்சுச் சொன்னா, நான் கத்துனேன். அவ தப்பா வாசிச்சாலும், வையுறதுக்கு எனக்குத் தெரியவா போவுது?"