கிரேக்கப் பெண்கள் வெயிலில் நின்ற கதை

நான் மேடையில் சொன்ன முதல் பொய் கிரேக்க நாட்டுப் பெண்களைப் பற்றியது. சொன்ன இடம் குற்றாலம். அப்போது எனக்கு வயது இருபத்து மூன்று. பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு குற்றாலச் சீசன். அருவிகளில் எவ்வளவு தண்ணீர் விழுகிறது என்று தென்காசியிலிருந்து ஒரு சென்னைப் பத்திரிகைக்கு எழுதி அனுப்புவது என் வேலை. (ஐந்தருவியில் ஐந்தும் விழுந்தால் செய்தி. மூன்று விழுந்தாலும் செய்திதான்.) அந்த ஆண்டு பத்திரிகையின் ஆசிரியரே குளிக்க வந்திருந்தார். சென்னை அலுவலகத்தில் உதவி ஆசிரியர் இடம் ஒன்று காலி. குற்றாலத்து வாசகசாலையில் நான் மாஜிக் லாந்தரில், அதாவது கண்ணாடித் தகட்டுப் படத்தை விளக்கொளியால் திரையில் விழவைக்கும் பெட்டியில், படம் காட்டிப் பேச வேண்டும். அதைக் கேட்டுவிட்டு அவர் முடிவு சொல்வார் என்று ஏற்பாடு.

பழைய கிரேக்கர்களின் ஜாடி ஓவியம் என்பது தலைப்பு. என்னிடமிருந்த ஒரே படப் புத்தகம் அதைப் பற்றியதுதான். அவர்கள் முதலில் உருவங்களைக் கறுப்பாக எழுதினார்கள். சுற்றியுள்ள சிவந்த மண்ணை அப்படியே விட்டார்கள். கண்ணும் விரலும் உடை மடிப்பும் கறுப்பின்மேல் ஊசியால் கீறியவை. பிறகு யாருக்கோ மாற்றிச் செய்யத் தோன்றியது. உருவத்தைச் சிவப்பாக விட்டு, சுற்றிலும் கறுப்பை நிரப்பினார்கள். கீறல் போய்த் தூரிகைக் கோடு வந்தது. அந்தக் கறுப்பு சாயமல்ல, நைசாக வடித்த களிமண் குழம்பு. சூளையில் காற்றை அடைத்துத் திறக்கும் பக்குவத்தில் அது கறுத்தது, மற்ற மண் சிவந்தது. பழைய பாணியில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஆண்கள் கறுப்பு, பெண்களுக்கு மட்டும் மேலே வெள்ளை பூசுவார்கள். ஆண்கள் வெயிலில் திரிகிறவர்கள், பெண்கள் வீட்டுக்குள் இருப்பவர்கள் என்று அர்த்தம்.

தென்காசியில் ஸ்டுடியோ வைத்திருந்த ராவுத்தர் இந்தப் படங்களைக் கண்ணாடித் தகடுகளில் எடுத்துக் கொடுத்தார். முதல் தகட்டில் கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் விழும், அது நெகட்டிவ். அதிலிருந்து இன்னொரு தகட்டில் எடுத்தால்தான் படம் நேராகும். அந்த இரண்டாவது தகடுகள் சொற்பொழிவன்று காலையில்தான் கைக்கு வந்தன.

"ஈரம் காயல தம்பி, சாரல் விழுதுல்லா. விரல் படாம நிறுத்தி வைங்க" என்றார் ராவுத்தர்.

சாரல் காலத்தில் எங்கள் ஊரில் எதுவும் தானாகக் காயாது. கங்குச் சட்டிமேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் துணியை விரித்துத்தான் காயவைப்போம். வேட்டிக்குச் சரியானது கண்ணாடிக்கும் சரி என்று தீர்மானித்தேன். பன்னிரண்டு தகடுகளையும் கூடைமேல் பரப்பிவிட்டுச் சவரம் செய்துகொள்ளப் போனேன். திரும்பி வந்தபோது தகட்டுப் பசை உருகி, கிரேக்க வீரர்கள் குதிரையோடும் ஈட்டியோடும் கங்கில் சொட்டிக்கொண்டிருந்தார்கள்.

மிஞ்சியவை, ராவுத்தர் கூடவே கொடுத்திருந்த நெகட்டிவ்கள். அப்போதுதான் எனக்கு அந்த ஞானம் பிறந்தது. கறுப்பு உருவம் நெகட்டிவில் வெளுப்பாகத் தெரியும், பிந்திய பாணி மாதிரி. பிந்தியது முந்தியது மாதிரி தெரியும். வரிசையை மாற்றிப் போட்டால் போதுமே! கிரேக்கர்கள் ஒரு தலைமுறை பாடுபட்டுச் செய்த மாற்றத்தை நான் ஐந்து நிமிடத்தில் செய்து முடித்தேன்.

பேச்சு நன்றாகவே போனது. முன்வரிசையில் ஆசிரியர் இரண்டு முறை தலையை ஆட்டினார். அவருக்குப் பின்னால், கடையத்துப் பெண்கள் பள்ளி டீச்சர் ஒருவர் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தார். பாதியில் அவர் எழுந்தார்.

"ஆம்பளையாளுக எல்லாம் வெளுப்பா இருக்காங்க. பொம்பளையாளுக மட்டும் ஏன் அட்டக் கறுப்பா இருக்காங்க?"

பெண்கள்மேல் பூசிய வெள்ளை நெகட்டிவில் கறுத்துவிடும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். ஆசிரியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த நாட்டு வழக்கம் அம்மா" என்றேன். "பெண்கள் வெயிலில் வேலை செய்வார்கள். ஆண்கள் வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள்."

"ஏட்டி, எங்க வீட்டுலயும் அதுதானட்டீ நடக்குது!" என்று பின்னாலிருந்து ஒரு பெண்குரல். சபை சிரித்தது. டீச்சர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

கூட்டம் கலைந்து, டீச்சரும் கடையம் ரயிலைப் பிடிக்கப் போன பிறகு ராவுத்தர் வந்து சேர்ந்தார். ஒரு தகட்டை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார்.

"தம்பி, இது நெகட்டிவ்லா! இதையா காட்டுனீங்க? நான் காலையில கொடுத்த தகடு எங்க?"

செருப்பை மாட்டிக்கொண்டிருந்த ஆசிரியர் நிமிர்ந்தார். கங்குச் சட்டியைப் பற்றிச் சொன்னேன். ராவுத்தர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆசிரியர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு கேட்டார்:

"அப்படியானால் அந்தப் பெண்கள்?"

"அசலில் வெள்ளை, சார்."

"வெயிலில் நின்றது?"

"ஆண்கள்."

சிரிப்பு நின்றது. "தகட்டைக் கங்கில் வைத்தது முட்டாள்தனம். அதோடு எனக்குச் சண்டையில்லை. அந்த அம்மாள் நம்பிக் கேட்டார். அவரிடம் போய்த் திருத்தம் சொல்லிவிட்டு வாரும். வேலையைப் பற்றி அப்புறம் பேசலாம்."

மறுநாள் பகலில் கடையம் போனேன். டீச்சர் முழுவதையும் கேட்டுவிட்டு, "காலையிலயே மூணு கிளாசுக்கும் சொல்லிட்டேனே" என்றார். பிறகு மூன்று வகுப்பையும் ஒன்றாக உட்காரவைத்து, "நீங்களே சொல்லுங்க" என்று என்னை நிறுத்தினார். சொன்னேன். ஆண்கள் வெயிலில், பெண்கள் வீட்டுக்குள். ஐம்பது பெண்பிள்ளைகளும் சத்தமில்லாமல் கேட்டார்கள். அந்த அமைதியை நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

சென்னை வேலை கிடைத்தது. எட்டு வருடம் கழித்துக் கல்யாணம், பெண் கடையம். முதல் வாரத்திலேயே அவள் கேட்டாள்: "எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்து கிரேக்கக் கதையை மாத்திச் சொன்னது நீங்கதான?"

"மாற்றவில்லை, திருத்தினேன்."

"நாங்க யாருமே நம்பல. முதல் நாளு உள்ளதைச் சொல்லிட்டாரு, வீட்டுல ஆம்பளையாளுக சத்தம் போட்டிருப்பாங்க, அதான் ஓடியாந்து மாத்துதாருன்னு பேசிக்கிட்டோம்."

பத்திரிகையில் எத்தனையோ திருத்தங்கள் வெளியிட்டிருக்கிறேன். அவற்றைப் படித்தவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அன்றுதான் முதல்முறையாக யோசித்தேன். அவளிடம் புத்தகத்தைக் காட்டினேன், படத்தைக் காட்டினேன். "டீச்சர் நோட்டுல எழுதியிருந்தாங்க" என்று முடித்துவிட்டாள்.

இன்றும் அவள் வெயிலில் கடைவீதிக்குப் போயிருக்கும் நேரத்தில் யாராவது வாசலில் நின்று என்னைக் கேட்டால், என் மகள் அடுக்களையிலிருந்தே பதில் சொல்கிறாள்:

"கிரேக்கர் உள்ளதான் படுத்திருக்காரு, வாங்க."