பெயர் தெரியாத வீரன்

வெர்னாவின் சமையல் மேசையில் ஒரு தட்டில் இரண்டு ஈயக்குண்டுகள் கிடந்தன. இரண்டிலும் பல் பதிந்திருந்தது. ஒன்று, அமெரிக்க உள்நாட்டுப் போரில் யாரோ கடித்தது. இன்னொன்று, இன்று காலை காபி குடித்த கையோடு வெர்னா கடித்தது. எது எது என்று இப்போது அவளுக்கே தெரியவில்லை.

பக்கத்துச் சாசரில் அவளுடைய கடைவாய்ப்பல்லின் துண்டு ஒன்று இருந்தது. அதை மட்டும் சந்தேகமில்லாமல் அடையாளம் காண முடிந்தது.

எல்லாம் சனிக்கிழமைக் கூட்டத்துக்காகத்தான். ராப்பஹானக் ஆற்றோரம் குண்டு சேகரிப்பவர்களின் சங்கத்தில் வெல்வெட் விரித்த கண்ணாடிப் பெட்டி ஒன்று உண்டு. மயக்க மருந்து இல்லாமல் கால்களை அறுத்தபோது வலி பொறுக்காமல் சிப்பாய்கள் கடித்த குண்டுகள் அதில் இருந்தன. மூத்த உறுப்பினர்கள் ஆளுக்கொன்று கண்டெடுத்தவை. ஒவ்வொன்றின் கீழும் ஓர் அட்டை: 'பெயர் தெரியாத வீரன்'. அதற்கடியில், கண்டெடுத்தவர் பெயர்.

மற்றவர்கள் கொண்டுவரும் கடிபட்ட குண்டுகளெல்லாம் பிஸ்கட் டின்னுக்குப் போய்விடும். படை கிளம்பிய பிறகு முகாமைக் கிளறிய பன்றிகள் மென்று துப்பியவை அவை என்பது சங்கத்தின் தீர்ப்பு.

வெர்னா சோளக்காட்டில் தானே தோண்டி எடுத்த குண்டைத் தலைவர் ஹார்லன் போன வாரம் ஒரு தடவை புரட்டிப் பார்த்தார்.

"பன்னி மாதிரிதான் இருக்கு, ராய்ஸ் வீட்டம்மா."

"மனுஷப் பல்லுங்க அது."

"சனிக்கிழமை மூணு பேர் உக்காந்து பாக்குறோம். வேற ஆதாரம் இருந்தா கொண்டாங்க. அப்புறம், சேண்ட்விச்சுக்கு ஓரத்தை வெட்டிடுங்க. போன தடவை கொஞ்சம் கெட்டியா இருந்துச்சு."

கணவன் ராய்ஸ் இறந்து வருடங்கள் ஆகியும் அவள் ராய்ஸ் வீட்டம்மாதான். கண்ணாடிப் பெட்டியில் ஓர் அட்டை வந்தால் அதில் 'வெர்னா' என்றுதான் எழுதியாக வேண்டும். இத்தனை வயதுக்குமேல் இப்படி ஓர் ஆசை வருவது அவளுக்கே வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே ஆசைப்பட்டாள்.

ஆதாரத்துக்கு அவள் கண்ட வழி, ராய்ஸ் குண்டு சேர்த்துவைத்த ஜாடியிலிருந்து கடிபடாத குண்டு ஒன்றை எடுத்துத் தானே கடித்து, இரண்டையும் ஒப்பிடுவது. கடித்தாள். பல் போனது. பழைய குண்டின் தடங்களை, மண்ணில் கிடந்து ஈயத்தில் படிந்த வெள்ளைப் பூப்பு மறைத்தது. பழைய ஈயத்தைச் சுத்தம் செய்வது சங்கத்தில் மகாபாவம். இரண்டையும் வினிகரில் போட்டுப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள்.

அந்த நேரம் பார்த்து அக்கா லுர்லீன் போனில் வந்தாள்.

"என்னடி, வாய் குழறுது?"

"பல்லு உடைஞ்சிடுச்சு. பெக்கான் கொட்டையைக் கடிச்சேன்."

"ஓட்டோடயா? உனக்கு எப்பவுமே பொறுமை கிடையாது."

பேசிக்கொண்டே ஒரு கையால் பிரஷ்ஷைக் கழுவினாள், தட்டைத் துடைத்தாள், குண்டுகளை அதில் உருட்டிவிட்டாள். போனை வைத்தபோது இரண்டும் ஒரே மாதிரி பளபளத்தன.

இரண்டையும் வாயில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் பொருந்தின. பழையதும் மனிதப் பல்தான் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்று ஒரு நிமிடம் மகிழ்ந்தாள். மறு நிமிடம் பக்கத்துப் பல்லும் ஆடியது.

பளபளப்போடு கொண்டுபோனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மூடிய டப்பாவில் வினிகர் ஆவி பட்டால் ஈயத்தில் வெள்ளை பூக்கும் என்று, போலி செய்பவர்களைத் திட்டும்போது ஹார்லனே ஒருமுறை விவரமாகச் சொல்லியிருந்தார். அருமையாகப் பூத்தது. இரண்டிலும்.

வெள்ளிக்கிழமை பல் டாக்டரிடம் போனாள். அங்கே பல் அச்சு எடுக்கும் ட்வைலா வாய்க்குள் டார்ச் அடித்தாள்.

"என்னத்தக் கடிச்சீங்க?"

"பெக்கான் கொட்டை."

"இந்த ஊரு பெக்கானே அப்படித்தான், பாறாங்கல்லு," என்றாள் ட்வைலா. "நாளைக்கு சூப்பு மாதிரி ஏதாவது குடிங்க."

"நாளைக்கு எங்க சங்கத்துல கூட்டம். நீயும் வாயேன். வந்ததே இல்லையே."

சனிக்கிழமை வெர்னா கண்ணை மூடி ஒரு குண்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஹார்லன் உருப்பெருக்கியை வைத்து வெகுநேரம் பார்த்தார். க்ளைடிடமும் பொருளாளரிடமும் கொடுத்தார்.

"மனுஷன்தான்," என்றார் ஹார்லன். "இங்க பாருங்க. கடிக்கும்போதே கடைவாய்ப்பல்லு உடைஞ்சிருக்கு. கண்ணுல மின்னல் அடிச்ச மாதிரி இருந்திருக்கும், பாவம்."

சொல்லும்போது தன் தாடையைத் தடவிக்கொண்டார். மற்ற இருவரும் தத்தம் தாடையைத் தடவினார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய வலிக்கு இவ்வளவு இரக்கமா என்று வெர்னா நெகிழ்ந்துபோனாள். ஆனால் அது அவளுடைய பல்.

அட்டையில் ஹார்லன் எழுதினார்: பெயர் தெரியாத வீரன். கண்டெடுத்தவர்: வெர்னா க்ரட்ச்ஃபீல்ட். 'ராய்ஸ் வீட்டம்மா' என்று எழுதவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். இவ்வளவு நல்ல மனிதர்களை ஏமாற்றிவிட்டோமே என்று அவளுக்கு உறுத்தியது. சொல்லிவிடலாம். சொன்னால் அட்டை போய்விடும். சொல்லாவிட்டால் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பெட்டி அவளைப் பார்த்துச் சிரிக்கும்.

"ஹார்லன், நான் ஒண்ணு சொல்லணும்," என்று எழுந்தாள்.

அவளுக்குப் பின்னால் ட்வைலா, கையில் ஓரம் வெட்டிய சேண்ட்விச்சோடு, கண்ணாடிப் பெட்டிமேல் குனிந்து ஒவ்வொரு குண்டாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரு தெரியாதுன்னு எதுக்குங்க எழுதி வச்சிருக்கீங்க?" என்றாள். "இது ஹார்லன் சார், அது க்ளைட் சார், அந்தக் கோணப்பல்லு பொருளாளர். எல்லாரு பல்லுக்கும் நான்தானே அச்சு எடுத்தேன்."