கண் மூடாத பந்தயம்

ஒரு ஊரில், ஊருக்கெல்லாம் பூட்டு மாட்டிக் கொடுத்த ஒருவர் இருந்தாராம். அவர் மாட்டிய பூட்டை நம்பி ஊரே நிம்மதியாகத் தூங்குமாம். அவர் மட்டும் தூங்க மாட்டாராம். காரணம் திருடன் இல்லை. டிவி.

டிவியில் ஒரு குற்றத் தொடர். ஓயாத மழை, சேறு, சிரிக்கவே தெரியாத ஒரு பெண் போலீஸ். அதில் வரும் கொலைகாரன், பலியாகப் போகிறவர்களின் வீட்டுக்கு அடியிலிருக்கும் நிலவறைக்குள் முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொள்வான். பூட்டுக்காரருக்கு அதைப் பார்த்தால் தூக்கம் வராது. பார்க்காவிட்டால் சாப்பாடு இறங்காது. தலையணையைக் கட்டிக்கொண்டு விரல் இடுக்கு வழியாகப் பார்ப்பார். "பின்னாடி பாரும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று அந்தப் போலீஸிடம் கெஞ்சுவார். அவருக்கிருந்த ஒரே ஆறுதல், கொலைகாரன் பூட்டைத் திறக்கிற லட்சணம்.

"கம்பிய அப்படி விட்டா ஜென்மத்துக்கும் திறக்காது. இவனெல்லாம் நம்ம வீட்டுக்குள்ள வரவே முடியாது" என்று மனைவிக்குத் தைரியம் சொல்வார். அவள் தைரியம் கேட்டிருக்கவே மாட்டாள்.

வம்பு என்னவென்றால், அவர் வீட்டுக்கும் ஒரு நிலவறை உண்டு. தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் அங்கேதான். தொடர் ஆரம்பித்ததிலிருந்து அவர் அந்தப் படியில் கால் வைக்கவில்லை. முட்டி வலி என்றார். அப்புறம் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

"நேத்து முட்டி, இன்னிக்குத் தூசி. நாளைக்கு என்னங்க?" என்றாள் மனைவி.

"எனக்கென்ன பயமா?"

"நான் சொல்லல. மாடி வீட்டு நர்ஸ் அக்காதான் சொல்றாங்க. டிவி முன்னாடி நீங்க போடற சத்தத்துல அவங்க வீட்டுச் சுவத்துல இருக்கற பல்லி கீழ விழுதாம்."

ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "நாளைக்குக் காலையிலயே கடைசி எபிசோட் நெட்ல வந்துடும். சாயங்காலம் உக்காந்து, தலையணை இல்லாம, கண்ண மூடாம முழுசாப் பாக்கறேன். பாத்துட்டேன்னா ஆயுசுக்கும் மோட்டார் போடறது உன் வேல. மூடிட்டேன்னா என் வேல."

"கண்ணு சிமிட்டலாமா?"

"சிமிட்டிக்கலாம். இறுக்கி மூடக் கூடாது."

"சரிங்க" என்றாள். அவ்வளவு சீக்கிரம் அவள் ஒத்துக்கொண்டதுதான் அவருக்கு இடித்தது.

மறுநாள் மத்தியானம் கடை ஷட்டரைப் பாதி இறக்கினார். சாவி வெட்டுகிற மிஷின் மேல் போனைச் சாய்த்து வைத்து, கடைசி எபிசோடைத் திருட்டுத்தனமாகப் பார்த்தார். எங்கே கத்தி, எங்கே அலறல் எல்லாம் மனப்பாடம். நடுவில் மனைவி போனில் கூப்பிட்டபோது ஏதோ உளறி வைத்தார். ஆனால் ஓரிடத்தில் ஈரக்குலை நடுங்கிவிட்டது. கொலைகாரன் இந்தத் தடவை பூட்டைச் சரியாகத் திறந்தான். கம்பியை மெல்ல விட்டு, உள்ளே இருக்கும் குட்டிப் பின்களை ஒவ்வொன்றாகத் தடவித் தடவி, அவசரப்படாமல் ஒரு திருகு. அச்சு அசல் அவர் திறக்கிற மாதிரி. அதைவிட மோசம், அது அவர் தன் நிலவறையின் பின்கதவில் மாட்டியிருந்த அதே ரகப் பூட்டு.

சாயங்காலம் நடுவராக நர்ஸ் வந்தார். டிவிக்கு முதுகைக் காட்டி, ஸ்டூலைப் பூட்டுக்காரரின் முகத்துக்கு நேராகப் போட்டுக்கொண்டார். "தம்பி, மயக்க ஊசி போட்டவங்க கண்ணப் பாத்தே பாதி ஆயுசு போச்சு. என்கிட்ட நடிக்க முடியாது."

கத்தி வந்தது. கண் திறந்தே இருந்தது. ரத்தம் வந்தது. அப்போதும் திறந்தே இருந்தது. மனைவி பக்கத்தில் "ஐயோ" என்றாள். "இதெல்லாம் சாதாரணம்" என்றார்.

அப்புறம் திரையில் ஒரு கதவு. கதவில் அந்தப் பூட்டு. வேறு ஒன்றுமில்லை.

இப்போது கம்பி உள்ளே போகும். போகவில்லை. இதோ, 'டிக்' என்று கேட்கும். கேட்கவில்லை. மழைச் சத்தம்கூட நின்றுவிட்டது. காதோரம் வேர்வை இறங்கியது. கம்பியைத் தானே பிடித்திருப்பது போல அவர் விரல்கள் காற்றில் திருகின. இப்ப. இல்ல, இப்ப. தாங்க முடியாமல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"மூடிட்டாரு" என்றார் நர்ஸ், ஜுரம் எத்தனை என்று சொல்கிற குரலில்.

கண் திறந்தார். திரையில் அதே கதவு, அதே பூட்டு. மனைவியின் கட்டைவிரல் ரிமோட்டின் மேல்.

"நான்தான் நிறுத்தி வெச்சேன். வெறும் கதவுதானங்க. இதுக்கு எதுக்குக் கண்ண மூடினீங்க?"

"தொழில் அனுபவம்."

"கடையில பாத்த அனுபவமா? மத்தியானம் போன் பண்ணா, யாருன்னுகூடக் கேக்காம 'என்ன விட்டுடு, எனக்குக் குடும்பம் இருக்கு'ன்னீங்களே. நான் காலையிலயே பாத்துட்டேங்க. அவன் பூட்ட ஒழுங்காத் திறந்தானா, அந்த இடத்துலதான் நீங்க விழுவீங்கன்னு குறிச்சு வெச்சுக்கிட்டேன்."

"தம்பி, மாடியில தண்ணி சொட்டுச் சொட்டாத்தான் வருது. இப்பவே போட்டுட்டா தேவல" என்று சொல்லிவிட்டு நர்ஸ் மாடி ஏறினார்.

நிலவறையின் மேல்படியில் நின்றார் பூட்டுக்காரர். கீழேயிருந்து ஈரக்காற்று கணுக்காலைத் தொட்டது. விளக்கு சுவிட்சும் கீழேதான்.

"நீ இங்கயே நில்லும்மா. எதையாவது பேசிக்கிட்டே இரு. உன் குரல் கேட்டாப் போதும்."

"பேசறேன், இறங்குங்க."

சுவரைத் தடவிக்கொண்டு இறங்கினார். மேலேயிருந்து மனைவியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"கடைசியில அவன் செத்துட்டான்னு நினைச்சீங்கல்ல? சாகலையாம். அடுத்த சீசன் எடுக்கறாங்களாம். இப்ப வேற ஊருக்கு வந்துட்டானாம்."

"அதப் பேசாத. வேற ஏதாவது பேசு."

"வேற என்ன பேச... ஐயையோ, அடுப்புல பால் பொங்குதுங்க."

"பொங்கட்டும், நீ நில்லு" என்றார். இருட்டில் சுவிட்சைத் தேடிக் கையை நீட்டியபோதுதான், இன்றைக்குப் பால் வாங்கி வர மறந்ததே தான்தான் என்று ஞாபகம் வந்தது. அதற்குள் மேலே செருப்புச் சத்தம் சாவகாசமாக நடந்து போய்விட்டது.