மாப்பிள்ளையின் நூறாவது வாரிசு

மனிதர்களுக்கு ஆளுக்கொரு பிறந்த நாள் இருக்கிறது. பந்தயக் குதிரைகளுக்கு அந்த ஆடம்பரமெல்லாம் கிடையாது. மார்ச்சில் பிறந்தாலும் சரி, மே மாதம் பிறந்தாலும் சரி, ஜனவரி முதல் தேதி வந்துவிட்டால் எல்லாக் குதிரைக்கும் ஒரேயடியாக ஒரு வயது கூடிவிடும். இரண்டு வயதுக் குதிரைகளுக்கு ஒரு பந்தயம், மூன்று வயதுக் குதிரைகளுக்கு ஒரு பந்தயம் என்று பிரித்து ஓட விடுவதற்கு வசதியாக யாரோ செய்த ஏற்பாடு. குதிரைகளை யாரும் கலந்துகொள்ளவில்லை.

அந்த அரசுக் குதிரைப் பண்ணையில் இந்த விதியை மிகுந்த பயபக்தியோடு கடைப்பிடித்தார்கள். ஜனவரி முதல் தேதி காலை சரியாகப் பத்து மணிக்குத் தலைமை எழுத்தர் தடித்த பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு லாயம் லாயமாகப் போவார். ஒவ்வொரு குதிரைக்கு முன்னாலும் நின்று, "வயது ஒன்று உயர்த்தப்படுகிறது" என்று உரக்கச் சொல்லி முத்திரை குத்துவார். உரக்கச் சொன்னால்தான் சம்பந்தப்பட்ட குதிரைக்கு முறைப்படி தெரிவித்ததாக ஆகும் என்பது அவர் கட்சி.

இந்தப் பண்ணையின் பெருமை, மானம், மரியாதை எல்லாம் ஒரே ஒரு பொலிகுதிரையின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. பதிவேட்டில் அவன் பெயர் 'இடிமுழக்கம்'. லாயத்தில் வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் 'மாப்பிள்ளை'. நேரத்துக்குச் சாப்பாடு, உடம்பு பிடித்துவிட ஆள், வெயில் படாத இடம், வீட்டு வேலை எதுவும் கிடையாது, கொஞ்சம் முகம் சுளித்தால் பண்ணையே பதறும். வேறு என்ன பெயர் வைப்பது?

மாப்பிள்ளை இளமையில் இருபத்து மூன்று பந்தயம் ஓடிப் பதினான்கில் ஜெயித்தவன். அதில் பொய் கிடையாது. காற்றைப் போல் ஓடினான் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கால் நரம்பு பிசகி ஓட்டத்தை நிறுத்திய பிறகுதான் அவனுக்கு உத்தியோகமே ஆரம்பித்தது. மற்ற இலாகாக்களில் ஓய்வு பெற்றால் வீட்டுக்கு அனுப்புவார்கள். குதிரை இலாகாவில் கல்யாணம் செய்துவைப்பார்கள்.

இதுவரை பிறந்த வாரிசுகள் தொண்ணூற்றொன்பது. அவற்றில் பந்தயம் ஜெயித்தவை நான்கு. பாதிக்கு மேல் கடைசியில் வந்தன. ஒன்று பாதி வழியில் நின்று புல் மேய்ந்தது. இன்னொன்று எதிர்த் திசையில் ஓடியது. ஆண்டறிக்கையில் அதை 'தனித்தன்மை வாய்ந்த ஓட்டம்' என்று எழுதினார்கள்.

மாப்பிள்ளையையும் அவன் சம்சாரங்களையும் கவனித்துக்கொண்டவளை எல்லாரும் லாயக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். சின்ன வயசுதான். வாயும் கையும் ஒன்றாக ஓடும். சாணி அள்ளும்போதுகூடச் சிரித்துக்கொண்டிருப்பாள். வெள்ளைக்காலி என்ற பெண் குதிரைக்கு அந்த வருஷம் மாதம் நிறைந்திருந்தது. அதன் வயிற்றைத் தடவிப் பார்த்த லாயக்காரி டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி காலையில் டாக்டரிடம் போய்ச் சொன்னாள்.

"சார், இன்னிக்கே பெத்துடுவா போலிருக்கு."

குதிரை டாக்டருக்கு முகம் செத்துப்போயிற்று. "இன்னிக்கா? நாளைக்குப் பொறந்தா என்னம்மா?"

"அத அவகிட்டத்தான் சார் கேக்கணும்."

டாக்டர் பதறியதற்குக் காரணம் இருந்தது. இன்றைக்குப் பிறந்தால் பதிவேட்டில் நாளைக்கே ஒரு வயது. குதிரைக்கு வயிற்றில் பதினோரு மாதம். அதனால் பிப்ரவரி பாதிக்கு மேல்தான் இணை சேர்ப்பார்கள். குட்டி ஜனவரிக்கு முன்னால் பிறக்காது. ஆனால் அந்த வருஷம் ஜனவரி இருபத்தைந்தாம் தேதி மேலிடத்து அதிகாரி பண்ணையைப் பார்க்க வந்தார். மாப்பிள்ளை சும்மா நின்றுகொண்டிருந்தால் நன்றாயிருக்காது, பணியில் இருக்க வேண்டும் என்று பண்ணை இயக்குநர் ஆசைப்பட்டார். "டிசம்பர்லயே பொறந்துடும் சார்" என்று டாக்டர் அப்போதே சொன்னார். "பொறக்கற தேதிய அப்புறம் பாத்துக்கலாம், அவர் வர்ற தேதிய மாத்த முடியுமா?" என்றார் இயக்குநர். மேலிடத்து அதிகாரி வந்தார், பார்த்தார், நெஞ்சாரப் பாராட்டிவிட்டுப் போனார்.

இப்போது இயக்குநர் உடனே ஓர் உத்தரவு பிறப்பித்தார். வெள்ளைக்காலியின் பிரசவம் நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு இருபத்து நான்கு மணி நேரம் ஒத்திவைக்கப்படுகிறது. தலைமை எழுத்தர் அதை லாயத்துக்கே கொண்டுவந்து படித்துக் காட்டினார். வெள்ளைக்காலி காதை ஆட்டியது. "சம்மதம்" என்று குறித்துக்கொண்டு போனார்.

பிற்பகல் மூன்றேகால் மணிக்குக் குட்டி பிறந்தது. ஆண். நான்கு காலும் நான்கு பக்கம் போக, எழுந்து விழுந்து, எழுந்து விழுந்து, கடைசியில் தாயின் மடியைக் கண்டுபிடித்துவிட்டது. லாயக்காரி வைக்கோலில் உட்கார்ந்து கைகொட்டிச் சிரித்தாள். "அட பொடிசே, வழி தெரிஞ்சுதா உனக்கு!"

இயக்குநர் மூச்சிரைக்க வந்தார். "உத்தரவு போட்டும் பெத்திருக்கே, என்ன திமிர்!"

தலைமை எழுத்தர் காதோரம் சொன்னார்: "சார், இதோட மாப்பிள்ளைக்கு நூறு."

இயக்குநரின் முகம் அப்படியே மலர்ந்தது. மாப்பிள்ளையின் புகழைப் பாடும் சிறப்பு மலர் ஒன்று அச்சில் இருந்தது. தொண்ணூற்றொன்பது என்று அட்டையில் போட அவருக்கு மனசே வராமல் இருந்தது. ஓடிப்போய் மேலிடத்துக்குப் போன் போட்டார். இந்த ஆண்டுக்குள் நூறாவது வாரிசு. மேலிடமும் வாழ்த்தியது. டிசம்பர் முப்பத்தொன்று என்பது அந்த நிமிஷம் கல்லில் செதுக்கியதாகிவிட்டது.

மறுநாள் காலை பத்து மணி. தலைமை எழுத்தர் பொடிசின் முன்னால் நின்றார். பொடிசு அவர் வேட்டியை வாயில் போட்டுச் சப்பியது.

"வயது ஒன்று உயர்த்தப்படுகிறது." முத்திரை.

"அண்ணே, விளையாடாதீங்க. நேத்துப் பொறந்ததுண்ணே" என்றாள் லாயக்காரி.

"நேத்துன்னா எந்த வருஷம்?"

"போன வருஷம்."

"போன வருஷம் பொறந்ததுக்கு இந்த வருஷம் என்ன வயசு?"

"ஒண்ணு. ஆனா நேத்துதாண்ணே..."

"நீயே ஒத்துக்கிட்ட. ஒரு வயசுக் குதிரை தாய்கூட இருக்கக் கூடாது. அந்தப் பக்கத்துக் கொட்டகைக்கு மாத்தணும். வேளைக்கு மூணு படி ஓட்ஸ். பால் கிடையாது. சாயங்காலத்துக்குள்ள ஆள் வருவாங்க, ஓட்டி விடு."

"பல்லே மொளைக்கலைண்ணே! பால் இல்லாம நாளைக்குச் செத்துப்போயிடும்."

"அது நாளைய விஷயம்" என்று சொல்லி அடுத்த லாயத்துக்குப் போனார்.

அன்றைக்கு லாயக்காரியின் முகத்தில் சிரிப்பு இல்லை. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நேரே இயக்குநர் அறைக்குப் போனாள். வழியில் டாக்டரையும் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு போனாள்.

"ஐயா, நானும் ஒரு பொண்ணப் பெத்தவதான். மணிக்கு நாலு தடவை பால் குடிக்கிற குழந்தைய ஓட்ஸ் தின்னச் சொல்றாங்க. நீங்களே பாருங்க."

"ஏம்மா, விதிய நான் பண்ணலையே" என்றார் இயக்குநர், மலரின் அட்டையை அழகு பார்த்தபடி.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "சார், ஒரு வழி இருக்கு. இது ஒரு வயசுக் குதிரைதான், மறுக்கல. ஆனா கடுமையான வளர்ச்சிக் குறைவுன்னு சர்டிபிகேட் தர்றேன். உயரம் இல்ல, எடை இல்ல, பல் இல்ல. சிகிச்சைக்குத் தாய்ப்பால்."

இயக்குநர் நாற்காலியிலிருந்தே துள்ளினார். "மாப்பிள்ளையோட நூறாவது வாரிசு வளர்ச்சி கொறஞ்சதா? அட்டையில போட்டிருக்கேன்யா! அடுத்த பருவத்துக்கு எவன் தன் குதிரையக் கொண்டாருவான்?"

லாயக்காரிக்குக் காதில் விழுந்ததெல்லாம் பொடிசு பசியில் கனைக்கிற சத்தம்தான். தாயையும் பிள்ளையையும் அதற்குள்ளேயே பிரித்து நிறுத்திவிட்டார்களோ என்னவோ. அவளுக்கு என்ன தோன்றிற்றோ, சட்டென்று சொன்னாள்.

"அப்ப கொறைஞ்சுதுன்னு எழுதாதீங்க ஐயா. கூடுதல்னு எழுதுங்க."

"என்னது?"

"நேத்துப் பொறந்தது, இன்னிக்கு ஒரு வயசு. ஒரே நாள்ல ஒரு வருஷம் வளந்த குதிரை உலகத்துல வேற எங்கயாவது உண்டா? மாப்பிள்ளை ரத்தம்யா! ஆனா இவ்வளவு வேகமா வளர்ற உடம்பு தாங்கணும்னா ஆறு மாசம் தாய்ப்பால் வேணும், தாய் பக்கத்துலயே இருக்கணும். அப்படின்னு டாக்டர் ஐயா எழுதட்டும்."

டாக்டர் அவளைப் பார்த்தார். இயக்குநர் ஜன்னலைப் பார்த்தார். அவர் கண்ணில் ஈரம் கசிந்தது.

"துரித வளர்ச்சி" என்றார் மெதுவாக.

"சார், இது..." என்றார் டாக்டர்.

"எழுதுய்யா."

டாக்டர் எழுதினார். 'மேற்படி ஓராண்டுக் குதிரை, பரம்பரைச் சிறப்பின் காரணமாக, ஒரே நாளில் ஓராண்டு வளர்ச்சியை எய்தியிருப்பது பரிசோதனையில் தெரியவருகிறது. இவ்வளர்ச்சியின் வேகத்தைத் தாங்கும்பொருட்டு ஆறு மாத காலத்துக்குத் தாய்ப்பால் அவசியம்.' கையெழுத்துப் போடும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

சாயங்காலம் கயிறும் கையுமாக வந்த ஆட்களிடம் லாயக்காரி அந்தத் தாளை நீட்டினாள். அவர்கள் படித்தார்கள். பொடிசைப் பார்த்தார்கள். பொடிசு தாயின் மடியில் முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. "நல்ல வளர்ச்சிதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். லாயக்காரி வெள்ளைக்காலியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள், ஒரு பாட்டம் சிரித்தாள். குட்டி பிழைத்தது. அவளுக்கு அது போதும்.

பண்ணைக்கு அது போதவில்லை. சிறப்பு மலர் வெளிவந்தது. அட்டையில் மாப்பிள்ளை, கீழே கொட்டை எழுத்தில்: 'ஒரே நாளில் ஓராண்டு!' உள்ளே டாக்டரின் சர்டிபிகேட் அப்படியே அச்சாகியிருந்தது. ஊரெல்லாம் அதே பேச்சு. குதிரை வைத்திருப்பவர்கள் பிப்ரவரி வரை காத்திருக்க மறுத்தார்கள். ஜனவரி இருபத்தைந்தில் சேர்த்தால் டிசம்பர் முப்பத்தொன்றில் பிறக்கும், மறுநாளே ஒரு வயது. பிப்ரவரியில் சேர்ப்பது பின்தங்கியவர்கள் செய்கிற வேலை என்று ஆகிவிட்டது.

இருபத்தைந்தாம் தேதி காலை வாசலில் முப்பத்தேழு பெண் குதிரைகள். மாப்பிள்ளை தலையை வெளியே நீட்டி வரிசையை ஒரு முறை பார்த்தான். பிறகு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். பதினான்கு பந்தயம் ஜெயித்த அறிவு எங்கே போகும்?

"பொதுமக்களின் பேராதரவைக் கண்டு இடிமுழக்கம் உணர்ச்சிவசப்பட்டுள்ளது" என்று இயக்குநர் அறிவித்துவிட்டு, காத்திருப்பவர்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். சும்மா உட்கார்ந்திருந்தால் மனுஷருக்கு யோசனை வருமே. ஒரு குதிரைக்காரரின் மனைவி மலரைப் புரட்டிக்கொண்டே எழுந்துபோய் டாக்டர் அறைக் கதவைத் தட்டினாள்.

"டாக்டர், இந்தச் சர்டிபிகேட் பசங்களுக்கும் தருவீங்களா? எங்க சின்னவனுக்கு ஸ்கூல்ல சேர்க்க அஞ்சு மாசம் கொறையுது."

"நான் குதிரை டாக்டரும்மா!"

"பரவால்ல. கையெழுத்துப் புரியாமத்தானே இருக்கும்."

அவ்வளவுதான். சற்று நேரத்தில் குதிரை வரிசையில் கயிற்றைப் பிடித்து நின்றவர்களெல்லாம் டாக்டர் வரிசைக்கு மாறிவிட்டார்கள். தலைமை எழுத்தர் பேத்திக்காக நின்றார். "விதியில எடம் இருக்கு" என்றார். அவருக்கு முன்னால் இயக்குநர், இளைய மகனுக்காக, பதவிக்குரிய முறையில் முதல் ஆளாக நின்றார்.

டாக்டர் பின்பக்க வழியாக லாயத்துக்கு ஓடிவந்தார். "ஏம்மா, எல்லாம் நீ பண்ணின வேலை. நீயே வந்து சொல்லு. ஒரு நாள் குட்டி ஒரு நாள் குட்டிதான், பால் குடிக்கிற பிள்ளை பால் குடிக்கிற பிள்ளைதான்னு சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க."

லாயக்காரிக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு விறுவிறுவென்று போனாள். வரிசைக்கு முன்னால் நின்று, இடுப்பில் கை வைத்து, "என்னம்மா கூத்து இது? பச்சப் புள்ளைங்கள..." என்று ஆரம்பித்தாள்.

"இந்த வருஷம் விட்டா அடுத்த வருஷம்தான் எடமாம்" என்றாள் குதிரைக்காரரின் மனைவி. "அதுக்குள்ள மத்தவங்க பிள்ளைங்க எங்கயோ போயிடும்."

லாயக்காரி விரலை மடக்கி எதையோ எண்ணினாள். மறுபடி ஒரு முறை எண்ணினாள். பிறகு வரிசையின் கடைசிவரைக்கும் நடந்துபோய் நின்றுகொண்டாள்.

பின்னாலேயே வந்த டாக்டர் அவளைப் பார்த்து மலைத்துப்போனார். "நீயுமா? உம் பொண்ணுக்கு என்ன வயசும்மா ஆகுது?"

லாயக்காரி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"எந்தக் கணக்குல கேக்கறீங்க சார்?"