மோத்திக்கு ஓர் அறிவிப்பு

மாட்டுப் பொங்கலன்று நாய்க்குக் கொம்பு வைத்துக் கும்பிட்ட ஒரே மனிதர், இந்தப் பூமியில், எங்கள் தீவின் மரைன் ஹில்லில்தான் இருக்கிறார். வேறு ஊரில் இன்னொருவர் இருப்பதாக வாசகர்களுக்குத் தெரிந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்ல வேண்டாம். ஒருவரையே எங்களால் சமாளிக்க முடியவில்லை.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்று ஏதோ ஒன்று இருக்கத்தான் வேண்டும். எங்கள் அரசுக் குவார்ட்டர்ஸ் வரிசையில் யாருக்கும் அது தெரியாது. ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த போட் எப்போது வரும், எது வரவே வராது என்று ஹிந்தியிலும் தமிழிலும் மாறி மாறிச் சொல்வது அவர் வேலை. அதனால் அவர் அனவுன்ஸ்மென்ட். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர்கூட, "அனவுன்ஸ்மென்ட் சார் வீடு எது?" என்றுதான் கேட்பார்.

வீட்டுக்கு வந்தாலும் அதே குரல்தான். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டால், "தொழில்நுட்பக் காரணங்களால் தாமதம். சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்பார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று என் மனைவி ஒருநாள் கேட்டுவிட்டாள். அவர் முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. "அறிவிப்பு பின்னர் வெளியிடப்படும், அண்ணி" என்றார். இன்றுவரை வெளியிடப்படவில்லை.

வீட்டில் அவரும் மோத்தியும் மட்டும்தான். மோத்தி பழுப்பு நிறத்தில், ஒரு காது நின்றும் ஒரு காது விழுந்தும் இருக்கிற சாதாரணத் தெரு நாய். அதற்குத் தமிழ் தெரியாது. அதைக் குறை சொல்லவும் முடியாது. இந்தத் தீவில் நாங்கள் சண்டை போடுவதும், ஆட்டோ பேரம் பேசுவதும், நாயைக் கூப்பிடுவதும் ஹிந்தியில்தான்.

அனவுன்ஸ்மென்ட்டின் கொள்கை எளிமையானது. வீட்டில் பண்டிகை என்றால் வீட்டில் உள்ள எல்லோருக்கும் பண்டிகை. தீபாவளி காலையில் அவரிடம், "என்னண்ணே, கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று கேட்டால், "எனக்கு ஆச்சு. மோத்திக்குச் சீயக்காய் பாக்கி" என்பார். எண்ணெய்க்கும் சீயக்காய்க்கும் நடுவில் மோத்தி தப்பித்து ஓடிவரும். ஓடிவந்து, புது வேட்டி கட்டியிருக்கிற ஒவ்வொருவர் காலிலும் அன்போடு உரசும். எங்கள் வரிசை ஆண்கள் கோயிலுக்குள் நுழைந்தாலே நல்லெண்ணெய் வாசனை வரும். மரைன் ஹில்காரர்கள் ரொம்ப பக்தியானவர்கள் என்று ஊரில் ஒரு பெயர் இருக்கிறது.

ஆயுத பூஜைக்கு மைக், டார்ச் லைட், மோத்தி மூன்றுக்கும் சந்தனம் குங்குமம். கிறிஸ்துமஸ் அன்று கேக் கொடுக்கிற வீட்டு வாசலில் மோத்தியும் வரிசையில் நிற்கும். பக்ரீத்துக்கு பஜாரில் கடை வைத்திருக்கும் காசிம் பாய் வருவார். மோத்தி மேலே பட்டுவிடாத தூரத்தில் நின்று கையை நீட்டி, "பிரியாணி ஒங்களுக்கு. இந்தப் பொட்டலம் தம்பிக்கு" என்பார். பொட்டலத்தில் எலும்பு இருக்கும். சதை கொஞ்சம் அதிகமாகவே ஒட்டியிருக்கும் எலும்பு.

சிக்கல் எதில் என்றால், பண்டிகை நாளிலும் போட் ஓடும். அனவுன்ஸ்மென்ட்டுக்கு டியூட்டி விழுந்தால், இலை போட்டு மோத்திக்குப் பரிமாறும் பொறுப்பு பக்கத்து வீட்டுக்காரியான என் மனைவி தலையில் விழும். அவளுக்கு நாய் என்றாலே ஆகாது. மோத்திக்கோ அவர் குரல் கேட்காமல் ஒரு பருக்கை இறங்காது. இலைக்கு முன்னால் உட்கார்ந்து ஜெட்டி இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருக்கும்.

இதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஜெட்டி ஒலிபெருக்கி எங்கள் மேட்டுக்கு நன்றாகவே கேட்கும். ஒரு பொங்கலன்று மதியம், எதிர்க்கரையில் உள்ள பாம்பூ ஃப்ளாட்டுக்குப் போட் கிளம்புவதை இரண்டு மொழியிலும் சொல்லி முடித்தவர், அதே கம்பீரத்தோடு, "மோத்தி, கானா கா லே, பேட்டா" என்றார். மோத்தி, சாப்பிடு கண்ணு என்று அர்த்தம். இங்கே மோத்தி தலையைக் குனிந்து சாப்பிட ஆரம்பித்தது. அங்கே மெயின்லேண்டிலிருந்து சுற்றுலா வந்திருந்த ஒரு குடும்பம் கவுண்டருக்கு ஓடி, "மோத்தி போட்டுக்கு நாலு டிக்கெட்" என்று கேட்டது.

மேலதிகாரி கூப்பிட்டு விசாரித்தார். அனவுன்ஸ்மென்ட் நடந்ததை அப்படியே சொன்னார். அதிகாரி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, "பண்டிகை நாள்ல மட்டும். ஒரே ஒரு தடவை" என்றார். அவர் வீட்டிலும் நாய் உண்டு என்று பிற்பாடு தெரிந்தது.

இனி கொம்பு விஷயம். குவார்ட்டர்ஸில் மாடு கிடையாது. மாடு இல்லாத மாட்டுப் பொங்கலை நாங்கள் வடையோடு முடித்துக்கொள்வோம். அனவுன்ஸ்மென்ட்டுக்கு அது பொறுக்கவில்லை. பப்பாளித் தண்டு இரண்டை வெட்டி, சிவப்பும் நீலமும் பெயின்ட் அடித்து, ரிப்பனால் மோத்தியின் தலையில் கட்டினார். கழுத்தில் சாமந்தி மாலை போட்டு, "பொங்கலோ பொங்கல்" என்று வரிசை முழுக்க நடத்திக்கொண்டு வந்தார். மோத்தியும் பெரிய மனுஷன்போல் நடந்து வந்தது. முதல் வருஷம் சிரித்தோம். மறு வருஷம் பிள்ளைகள் பின்னால் போனார்கள். அப்புறம் அதுதான் எங்கள் மாட்டுப் பொங்கல் என்று ஆகிவிட்டது.

போன வருஷம் எங்கள் மரைன் ஹில் தமிழ்ச் சங்கத்துக்குப் புதுச் செயலாளர் வந்தார். கான்ட்ராக்டர், கோயம்புத்தூர்க்காரர். எதையும் முறைப்படி செய்யவேண்டும் என்ற வியாதி உள்ளவர். இந்த முறை ஊருக்கு வெளியே உள்ள புரோத்ராபூரிலிருந்து நிஜப் பசு வரும், நாய் வரக்கூடாது என்று கூட்டத்தில் சொன்னார்.

"நாயை மாடுன்னு கும்புடறது ஊர்ல தெரிஞ்சா சிரிப்பாங்கங்க."

அனவுன்ஸ்மென்ட் எழுந்தார். "மாட்டுப் பொங்கல்னா வீட்டுக்கு ஒழைக்கிற ஜீவனுக்கு மரியாதைண்ணே. நம்ம லைன்ல எந்த மாடு ஒழைக்குது? மோத்திதான் நைட் டியூட்டி பாக்குது."

"அது ராத்திரி பூராத் தூங்குதுங்க."

"டியூட்டியில தூங்கினா டியூட்டி இல்லைன்னு ஆயிருமா?"

கூடியிருந்த அரசு ஊழியர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள்.

கூட்டம் கலைந்தபோது அனவுன்ஸ்மென்ட் என்னிடம் வந்தார். மைக் குரல் இல்லை. அப்படி ஒரு குரல் அவரிடம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "அதுக்கு வயசாயிருச்சுண்ணே. கண்ணு சரியாத் தெரியல. டாக்டர் பாத்துட்டு, நல்லாப் பாத்துக்கோங்கன்னு மட்டும் சொன்னாரு. அடுத்த பொங்கல் அதுக்கு இருக்குமோ என்னமோ. இந்த ஒரு தடவை முன்னாடி நிக்கணும். அவ்வளவுதாண்ணே." நான் செயலாளரிடம் பேசிப் பார்த்தேன். முறை என்றால் முறை என்றார்.

மாட்டுப் பொங்கலன்று பசு பிக்கப் வண்டியில் வந்து இறங்கியது. கூடவே அதன் சொந்தக்காரர், ஒரு பெங்காலி தாதா. பெங்காலியில் தாதா என்றால் அண்ணன். எங்கள் விழாக்களில் மைக் பிடிப்பது எப்போதும் அனவுன்ஸ்மென்ட்தான். அன்று அவர் வரவில்லை. தன் வீட்டு வாசலில் மோத்திக்கு மட்டும் கொம்பு கட்டி, இலை போட்டு, பொங்கல் பரிமாறிக்கொண்டிருந்தார். ஆகவே செயலாளரே மைக்கை எடுத்து, ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் முன்னால் நின்று, "அன்பார்ந்த" என்றார்.

ஸ்பீக்கர் அலறியது. பசு ஒரு முறை செயலாளரைப் பார்த்தது. பிறகு கயிற்றை அறுத்துக்கொண்டு மேட்டில் ஓடியது. பின்னால் தாதா, அவர் பின்னால் செயலாளர், அவர் பின்னால் ஆரத்தித் தட்டோடு என் மனைவி, கடைசியில் நான். எல்லா வீட்டு வாசலிலும் கூட்டமும் கூச்சலுமாக இருந்தது. அமைதியாக இருந்தது ஒரே ஒரு வாசல். பசு அங்கே போய் நின்றது. மோத்தியின் இலையைப் பார்த்தது. பொங்கலைச் சாப்பிட ஆரம்பித்தது.

மோத்தி வீரம் எதுவும் காட்டவில்லை. முகர்ந்து பார்த்தது. யாரோ விருந்தாளி என்று தெரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டது. தலையில் ஒரு கொம்பு சரிந்து தொங்கியது.

"ஹிலானா மத் பாபு, கானே தோ" என்றார் தாதா, மூச்சு வாங்க. அசைக்காதீர்கள், சாப்பிடட்டும் என்கிறார்.

"நாயோட எலையில போயி..." என்று ஆரம்பித்தார் செயலாளர்.

அனவுன்ஸ்மென்ட் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். மைக்கே தேவைப்படவில்லை. "அன்பர்களின் கனிவான கவனத்திற்கு. புரோத்ராபூர் பசு, குறித்த நேரத்திற்கு முன்பாகவே நமது வாசலை வந்தடைந்துள்ளது. பூஜை இவ்விடத்திலேயே நடைபெறும். ஓடி வந்தவர்கள் உட்காரலாம்."

என் மனைவி சூடம் ஏற்றிப் பசுவுக்குச் சுற்றினாள். கை அங்கே நிற்கவில்லை. அப்படியே நகர்ந்து மோத்திக்கும் மூன்று சுற்று சுற்றியது. செயலாளர் அவளையே பார்த்தார். "சூடம் எரிஞ்சுக்கிட்டிருக்குல்ல. பாதியில நிறுத்தக் கூடாதுங்க" என்றாள், பொதுவாக எல்லோருக்கும். பிறகு குனிந்து அதன் நெற்றியில் குங்குமம் வைத்து, சரிந்த கொம்பை நிமிர்த்திக் கட்டினாள். அனவுன்ஸ்மென்ட் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எனக்கும் சூடப் புகை கண்ணில் பட்டுவிட்டது.

மழைக்காலம் முடிவதற்குள் மோத்தி போய்விட்டது. வாசலில் உள்ள பப்பாளி மரத்தடியில் புதைத்தார். நாலு நாள் சாதாரணக் குரலில் பேசினார். கேட்கச் சகிக்கவில்லை.

தீபாவளி வந்தது. அவரே கேட்டு டியூட்டி வாங்கிக்கொண்டு ஜெட்டிக்குப் போய்விட்டார். மதியம் இலை போட்டு உட்கார்ந்தேன். கறிக்குழம்பு வாசனை தூக்கியது. என் மனைவி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள்.

"பசிக்குது" என்றேன்.

"இருங்க."

கீழே ஒலிபெருக்கி பேசியது. பாம்பூ ஃப்ளாட் போட், ஹிந்தியில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை. முடிந்ததும் மைக்கை அணைக்கிற 'டக்' சத்தம் வர வேண்டும். வரவில்லை. தெருவில் சரவெடியைப் பற்றவைக்கக் குனிந்த செயலாளர், ஊதுபத்தியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"மோத்தி, கானா கா லே, பேட்டா."

'டக்'.

என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "ம், இப்பச் சாப்பிடுங்க" என்றாள்.