முன்னால் நின்று தள்ளிய சம்பந்தி

கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து, ஆஸ்பத்திரி ரோட்டில் ஆட்கள் வேட்டியை விரித்துக் கெண்டை பிடித்தார்களே ஒரு கார்த்திகை, அதே வாரம் வெள்ளிக்கிழமை. (அதில் ஒரு வேட்டி என்னுடையது. அதை விடுங்கள்.)

அன்றைக்கு என் சின்ன மகளுக்கு நிச்சயதார்த்தம். பத்தரைக்கு ராகுகாலம்; அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். நாங்கள் ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்து மாந்தோப்பில் குடியிருந்தோம். வன்னியம்பட்டியிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டு வேன், சேற்றுக்குப் பயந்து தார் ரோட்டிலேயே நின்றுவிட்டது. அவர்களைக் கூட்டிவரத் தோப்பு முதலாளியின் புது பிக்கப்பைக் கேட்டேன்.

முதலாளி ஒரு குமிழைத் திருப்பிக் காட்டினார். "அண்ணாச்சி, இப்படி வச்சா நாலு சக்கரமும் இழுக்கும். ஆனா நிக்கிறதுக்குப் பழைய பிரேக்குதான். எறக்கத்துல மெதுவாப் போங்க."

நான் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கினேன். (ரெண்டாம் வகுப்பிலும் இப்படித்தான் கேட்டேன். அதோடு படிப்பு முடிந்தது.) நாற்பது வருஷம் லாரி ஓட்டியவனுக்குப் புத்தி சொல்கிறாரே என்று ஒரு நினைப்பு.

சம்பந்தியும் அவர் சம்சாரமும் தட்டுகளோடு என் பக்கத்தில் ஏறினார்கள். மற்றவர்கள் பின்தொட்டியில் ஏறி நின்றார்கள்.

"நாலு சக்கரமும் இழுக்கும் சம்பந்தி, வழுக்கவே வழுக்காது" என்று சொல்லிக்கொண்டே ஓடை இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன். நாலு சக்கரமும் நின்றன. வண்டி மட்டும் நிற்கவில்லை. ஈரச் சோப்பு மாதிரி சறுக்கிப்போய், ஓரத்துப் பள்ளத்தில் மூக்கைக் குத்திக்கொண்டது.

மணி பத்தடிக்க எட்டு நிமிஷம்.

லாரிக்காரனுக்கு ஒரு கணக்கு உண்டு. ரிவர்ஸ் எடுக்கும்போது முன்னால் நின்று தள்ளுகிறவன் மேல் சொட்டுச் சேறு படாது. இழுக்கிறது பின் சக்கரம். அதனால் புது வெள்ளை வேட்டி சட்டையில் இருந்த சம்பந்தியை மரியாதையோடு முன்னால் நிறுத்தினேன். "நீங்க இங்கன நின்னு தள்ளுங்க. அழுக்கே படாது."

ரிவர்ஸ் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தேன். தொப்பென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் சம்பந்தியின் கண் மட்டும் தெரிந்தது.

"யோவ், எங்க இருந்துய்யா வந்துச்சு இம்புட்டுச் சேறு?"

"அதான் சம்பந்தி எனக்கும் வெளங்கல."

உண்மையாகவே விளங்கவில்லை. மேலே பார்த்தேன், மரம்கூட இல்லை. ஒருவேளை ஓடைதான் தெறித்திருக்கும் என்று முடிவு கட்டி, "இன்னொருக்கா பாப்பமா?" என்றேன். நல்ல மனிதர், மறுபடி குனிந்து தள்ளினார். இந்தத் தடவை கண்ணும் தெரியவில்லை.

முதலாளிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொள்வது எனக்கே கேட்டது. "அண்ணாச்சி, முன் சக்கரமும் சேந்துல்ல சுத்துது! ரிவர்ஸ் போட்டா அது சேத்த முன்னாலதான் அடிக்கும். சக்கரத்துக்கு அடியில தென்ன மட்டையக் குடுத்து, மிதிக்காம மெதுவா விடுங்க."

சம்பந்தி முகத்தை வழித்துவிட்டு, "சகுனம் சரியில்ல, திரும்பிருவோம்" என்றார். என் மகள் அங்கே பட்டுச் சேலையோடு காத்திருந்தாள்.

வண்டிக்குள்ளேயே இருந்த சம்பந்தியம்மா கீழே இறங்கி அவரை ஒரு சுற்றுப் பார்த்தார்கள். பிறகு வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்கள். "முப்பது வருசமா வெளுத்த சட்டையில பொட்டு நீலம் ஒட்டியிருந்தா என்னய என்னா வசவு வஞ்சிய! சாமி பாத்துக்கிட்டுதான இருந்திருக்கு. இதவிட நல்ல சகுனம் எனக்கு வேணாம். ஏறுங்க, நேரம் போவுது."

தென்னை மட்டையைக் கொடுத்து மெதுவாக விட்டதும் வண்டி பூனை மாதிரி ஏறி வந்தது. பத்து இருபத்தெட்டுக்குத் தட்டு மாற்றினோம். சம்பந்தி வயிற்றுக்கு என் சட்டை எதுவும் பத்தவில்லை. பட்டன் போடாத என் காக்கிச் சட்டையும் கைலியுமாக அவர் தட்டு நீட்டும் போட்டோ, மகள் வீட்டு நடுச்சுவரில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாம், "மாப்பிள்ளைக்கு அப்பா இல்லியா? டிரைவரு தட்டு குடுக்காரு?" என்று கேட்கிறார்கள்.

நீங்கள் வன்னியம்பட்டிப் பக்கம் போனால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: ரெண்டாவது தடவையும் தெரியாமல்தான் மிதித்தேன். நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்.